கிடத்தப்பட்ட கற்கள்: லெஸ்டர்ஷயர் கிராமம் ஒன்றின் சிலேட் கல்லறைக் கற்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், பீவர் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு சிறு கிராமத்தில் 2023 தொடக்கத்திலிருந்து 2025 வரை நடந்தது இது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். கற்களைப் பதிவு செய்த தன்னார்வக் குழுவில் நானும் இருந்ததால் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்தேன். நான் இல்லாத கூட்டங்களில் நடந்ததைக் கூட்டக் குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

பின்னணி

அந்தத் தேவாலயம் இடைக்காலத்தில் கட்டப்பட்டது. சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிலேட் கற்கள் நிற்கின்றன. மிகப் பழையவை 1690-களைச் சேர்ந்தவை, கடைசியானவை 1840-களை ஒட்டியவை. இவையெல்லாம் இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சார்ன்வுட் காட்டுப் பகுதியின் குவாரிகளிலிருந்து வந்தவை. அந்தக் கல்லுக்கு ஸ்வித்லாண்ட் சிலேட் என்று பெயர்.

வேல்ஸ் சிலேட் மெல்லிய தகடாகப் பிளக்கும். இது அப்படிப் பிளக்காது. தடிமனாகத்தான் வரும், பின்புறம் கரடுமுரடாக இருக்கும். அதனால் கல்தச்சர்கள் முன்பக்கத்தை மட்டும் தேய்த்து வழுவழுப்பாக்கி எழுத்தைச் செதுக்கிவிட்டு, பின்பக்கத்தைப் பாறையிலிருந்து பிளந்து வந்தபடியே விட்டுவிட்டார்கள். சாம்பல், நீலம், ஊதா கலந்த நிறங்களில் வரும் இந்தக் கல்லில் 1720-இல் வெட்டிய எழுத்தின் விளிம்பு இன்றும் கூராக இருக்கிறது. அதே வளாகத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வைத்த சுண்ணாம்புக் கற்கள் சிலவற்றில் பெயரே அழிந்துவிட்டது. கால்வாயும் ரயிலும் வந்த பிறகு வேல்ஸிலிருந்து மலிவான சிலேட் இறங்கியது. சார்ன்வுட்டின் சிலேட் குவாரிகள் நொடித்துப்போய் 1880-களின் இறுதியில் மூடப்பட்டன. எனவே இந்தக் கற்களில் ஒன்று போனால் அதே கல்லைப் புதிதாக வெட்டி வைக்க வழியில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிறப்பும் அங்கே உண்டு. பீவர் தேவதை என்று அழைக்கப்படும் செதுக்கல் அது. உருண்டை முகம், இருபுறமும் விரிந்த சிறகு, கழுத்தைச் சுற்றி மடிப்புப் பட்டை, சில கற்களில் பக்கத்தில் மணற்கடிகாரமும் குறுக்கு எலும்புகளும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் எல்லைகள் சந்திக்கும் இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இதை வெட்டினார்கள். மாநகரச் சிற்பிகளின் நுணுக்கம் அதில் இல்லை. ஆனால் அந்த முகங்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு எது எந்தக் கைக்காரருடையது என்று அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும். ஊர்க் கல்தச்சர்களின் வேலை இவ்வளவு நெருக்கமாக, அது வைக்கப்பட்ட இடத்திலேயே நிற்பது அரிது.

நிர்வாகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பிரச்சினையின் பாதி அதில்தான் இருந்தது. புதிய அடக்கங்களுக்கு மூடப்பட்ட கல்லறைத் தோட்டம் அது. அப்படிப்பட்ட இடத்தின் பராமரிப்பை 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி தேவாலயம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கலாம். இங்கே பாரிஷ் கவுன்சில், அதாவது நம் கிராம ஊராட்சி போன்ற அமைப்பு, அதை ஏற்றிருந்தது. ஆனால் மாறியது பராமரிப்புப் பொறுப்பு மட்டுமே. நிலம் அபிஷேகம் செய்யப்பட்ட நிலம், திருமண்டலத்தின், அதாவது ஒரு பிஷப்பின் ஆளுகைக்குள் வரும் வட்டாரத்தின், திருச்சபை நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கல் ஒவ்வொன்றும் அதை வைத்தவருக்கும், அவருக்குப் பின் அதில் பெயர் உள்ளவரின் வாரிசுகளுக்கும் சொந்தம். ஒரே கல்லில் மூன்று தரப்புக்குப் பாத்தியதை இருக்கிறது.

நடந்தது

2022 கோடை கடுமையான வறட்சி. பக்கத்து லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் ஜூலை 19 அன்று 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது, பிரிட்டனின் உச்ச வெப்பநிலை அதுதான். பள்ளத்தாக்கின் மண் களிமண். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், மழை வந்தால் உப்பும். அந்தக் கோடைக்குப் பின் வந்த ஜனவரியில், பாதையோரம் நின்ற ஒரு கல் இரவில் ஒடிந்து நடைபாதையின் குறுக்கே விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

கவுன்சிலின் செயலர் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். எல்லாக் கற்களையும் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று பதில் வந்தது. பொதுக் கல்லறைத் தோட்டங்களில் வேலை செய்து பழகிய ஒரு ஒப்பந்ததாரரை அவர் அமர்த்தினார். ஒப்பந்ததாரரின் ஆட்கள் விசைமானியால், அதாவது தள்ளும் விசையை அளக்கும் கருவியால், கற்களைத் தள்ளிப் பார்த்தார்கள். அசைந்தவற்றில் மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள், அப்புறம் கடப்பாரையால் நெம்பிக் கிடத்தினார்கள். இரண்டு நாளில் 14 கற்கள் தரையில் கிடந்தன. படம் எடுக்கவில்லை, எது எங்கே நின்றது என்ற குறிப்பும் இல்லை. திருமண்டலத்தின் அனுமதி வாங்கவில்லை.

செயலரை மட்டும் குற்றம் சொல்வது சரியாக இருக்காது. 2000-ஆம் ஆண்டில் யார்க்ஷயரின் ஹாரோகேட்டில் கல்லறைக் கல் விழுந்து ஒரு சிறுவன் இறந்தான். அதற்குப் பின் நாடு முழுக்கக் கவுன்சில்களைப் பயம் பிடித்துக்கொண்டது, ஆயிரக்கணக்கான கற்கள் கிடத்தப்பட்டன. 2009-இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி, ஆபத்து மிகக் குறைவு என்றும் ஆபத்தின் அளவுக்கு ஏற்ற நடவடிக்கை போதும் என்றும் தெளிவாகவே சொல்கிறது. அந்த வழிகாட்டி செயலரின் கைக்கு வரவே இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் மட்டும் வந்தது. பகுதிநேர வேலை பார்க்கும் ஒருவர், குழந்தைகள் நடமாடும் பாதையை நினைத்து எடுத்த முடிவு அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த சர்ச் வார்டன், அதாவது தேவாலயத்தின் பொறுப்புகளைக் கவனிக்கும் சபைப் பிரதிநிதி, கற்கள் கிடப்பதைப் பார்த்து, அன்றே திருமண்டலத்தின் மூத்த குருவான ஆர்ச்டீக்கனுக்கு எழுதினார். மீதிக் கற்களின் சோதனை நிறுத்தப்பட்டது.

பார்த்தவை

திருமண்டல ஆலோசனைக் குழு ஒரு கல் பாதுகாப்பு வல்லுநரைப் பரிந்துரைத்தது. அவர் வந்த முதல் நாளில் எந்தக் கல்லையும் தொடவில்லை. கல் ஒடிந்த இடங்களையும் தரையில் இருந்த குழிகளையும்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் அந்தக் குழிகளில் இருந்தது. கிடத்தப்பட்ட 14-இல் 9 கற்களுக்கும், ஜனவரியில் விழுந்த கல்லுக்கும், அடியில் சிமெண்ட் பட்டை போட்டிருந்தார்கள். 1970-களில் ஊர்க்காரர்கள் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு அது. சாய்ந்த கல்லைப் பிடுங்கி, ஆழம் தோண்டாமல் ஓர் அடி மட்டும் இறக்கி, சுற்றிலும் சிமெண்டைக் கொட்டி நிமிர்த்தியிருந்தார்கள். களிமண் சுருங்கி உப்பும்போது மண்ணில் நட்ட கல் அதனோடு கொஞ்சம் நகர்ந்துகொடுக்கும். சிமெண்ட் பட்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் அழுத்தம் முழுவதும் பட்டையின் மேல்விளிம்பில் போய் விழுகிறது. அங்கேதான் தண்ணீரும் தேங்குகிறது. விழுந்த கல் சரியாக அந்தக் கோட்டில் ஒடிந்திருந்தது. ஒப்பந்ததாரர் நெம்பியபோது மேலும் இரண்டு கற்கள் அதே கோட்டில் ஒடிந்திருந்தன.

பட்டை போடாத 5 கற்களின் கதை வேறு. அவை சாய்ந்திருந்தன, தள்ளினால் அசைந்தன. ஆனால் அவற்றின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருந்தது. கல்தச்சர் முதலில் எவ்வளவு ஆழம் நினைத்தார் என்பது அடிப்பாகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அதுவரை தேய்க்காமல் கரடாக விட்டிருந்தார். ஒன்றரை மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம், எட்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள சிலேட் 250 கிலோ வரை இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் இருந்தால், சாய்ந்தாலும் சட்டென்று விழாது. அசைவதும் விழுவதும் ஒன்றல்ல என்று வல்லுநர் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கிடந்த கற்களுக்கு அதற்குள்ளாகவே சேதம் தொடங்கியிருந்தது. சிலேட் தளம் தளமாக அமைந்த கல். நிற்கும்போது மழை வழிந்து ஓடிவிடும். படுத்துவிட்டால் செதுக்கலின் பள்ளங்களில் நீர் தேங்கி விளிம்புகள் வழியாக உள்ளே இறங்கும். உறையும்போது நீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும், கல் ஏடு ஏடாகப் பிரிய அது போதும். பீவர் தேவதை செதுக்கிய ஒரு கல்லில் இடது சிறகின் மேல் ஏடு விரல் நகம் நுழையும் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் ஏறிய தடம் வேறு இரண்டில் இருந்தது. 5 கற்கள் முகம் குப்புறக் கிடந்ததால் அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்றே அப்போது தெரியவில்லை.

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பதிவு முடியும் வரை எந்தக் கல்லையும் நகர்த்துவதில்லை என்பது. இதில் கவுன்சிலுக்குப் பொறுமை குறைவாக இருந்தது, நாளாக நாளாகச் சேதம் கூடுமே என்ற கேள்வி நியாயமானதும்கூட. எனவே தேவதைக் கல்லையும் குப்புறக் கிடந்தவற்றையும் மட்டும் மரச் சட்டங்களின் மேல் சாய்வாகத் தூக்கி வைத்து, காற்றுப் போகும்படி மூடினார்கள். இந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்கும் முன்கூட்டியே திருமண்டல அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்கினார்கள்.

பதிவு வேலை எங்களுடையது. கல்லுக்கு ஓர் எண், முன்னும் பின்னும் படம், அளவு, எழுத்து, செதுக்கல், சேதம், நின்ற குழியின் இடம். காகிதம் வைத்து மெழுகால் தேய்த்துப் படியெடுக்கும் வழக்கம் அங்கே உண்டு, அதை விட்டுவிட்டோம். ஏடு பிரியும் கல்லில் அந்த அழுத்தமே சேதம் செய்யும். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விட்டாலே எழுத்து நிழல் கட்டித் துலங்கும். வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஒரு கல்லில் இறந்த ஆண்டு 1731 என்றும் அதன் கீழே 2 என்றும் இருந்தது. கல்தச்சர் பிழையாக வெட்டித் திருத்தியிருக்கிறார் என்று எங்களில் ஒருவர் குறித்துவைத்தார். அது பிழையில்லை. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரை இறந்தவர்களுக்கு பழைய கணக்குப்படியான ஆண்டையும் (இங்கே 1731) இன்றைய கணக்குப்படியான ஆண்டையும் (1732) சேர்த்து வெட்டும் வழக்கம் இருந்தது. இப்படியான கற்களைப் பதிவு செய்ய இறங்குகிற எவருக்கும் முதல் நாளே சொல்லவேண்டிய செய்தி இது.

இன்னொன்றையும் தேடினோம். ஸ்வித்லாண்ட் சிலேட் உயிரினங்களின் தடமே இல்லாத மிகப் பழைய பாறை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1990-களில் இந்த வட்டாரத்துக் கல்லறைக் கற்களின் தேய்த்த முகத்தில்தான், சேற்றைத் துளைத்துச் சென்ற சிறு உயிரினங்களின் தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பாறை 50 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முந்திய கேம்பிரியன் காலத்தது என்ற முடிவுக்கு அது வழிவகுத்தது. குவாரியில் கண்ணில் படாதது, கல்தச்சர் தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் பட்டிருக்கிறது. எங்கள் கற்களில் அப்படி உறுதியாகச் சொல்லக்கூடிய தடம் கிடைக்கவில்லை. ஆனாலும் கல்லைக் குப்புறக் கிடத்தக் கூடாது என்று கவுன்சிலிடம் வாதாட அந்த வரலாறு உதவியது.

அடுத்தது அனுமதி. கற்களை மீண்டும் நடுவது, ஒடிந்ததை ஒட்டுவது, ஒன்றைத் தேவாலயத்தின் உள்ளே கொண்டுபோவது எல்லாம் சேர்ந்து, முறையான ஆணை இல்லாமலே செய்யக்கூடிய சிறு பணிகளின் பட்டியலைத் தாண்டிவிட்டன. ஃபேகல்ட்டி எனப்படும் திருமண்டல நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது. வார்டனும் கவுன்சிலும் கூட்டாக மனுச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர் குருவானவர். பழியை யார் தலையில் போடுவது என்ற பேச்சு அதோடு அடங்கியது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் என் பார்வையில் மிக முக்கியமானது இதுதான்.

வாரிசுகளைத் தேடி அறிவிப்பு ஒட்டினார்கள். பக்கத்து ஊரிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார், 1760-களின் கல் ஒன்று அவருடைய முன்னோருடையது. கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி எழுத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும், செலவைத் தானே தருவதாகச் சொன்னார். படிக்க முடியாத கல்லால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். நேர்மையான கேள்வி. வல்லுநர் அவசரப்படாமல் பதில் சொன்னார். கல்பாசி மெல்ல வளர்வது, பெரும்பாலும் கல்லுக்குக் கெடுதல் செய்வதில்லை. கம்பித் தூரிகையும் ப்ளீச்சும் பட்டால் 250 ஆண்டு நின்ற பரப்பு ஒரே நாளில் போய்விடும். அந்தக் கல்லில் பழைய வண்ணத்தின் சுவடு எதுவும் இல்லை. பேசிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடி வெளிச்சத்தில் காட்டினார். முதியவர் தன் முன்னோரின் பெயரையும் கீழே இருந்த நான்கு வரிச் செய்யுளையும் வாய்விட்டுப் படித்தார். பெயிண்ட் பேச்சை விட்டுவிட்டார், ஆனால் கல்பாசியை அப்படியே விட்டதில் அவருக்குக் கடைசி வரை திருப்தியில்லை.

நடும் முறையில் விவாதமே எழவில்லை. சிமெண்ட் கிடையாது. பழைய ஆழத்துக்குக் குழி, அடியில் தட்டையான கல், சுற்றிலும் உடைகல்லும் மண்ணும் போட்டு அடுக்கடுக்காக இடிப்பு. மீண்டும் சாய்ந்தால் மீண்டும் நிமிர்த்தலாம், கல் ஒடியாது.

ஒடிந்த மூன்றில் ஒன்று எழுத்துக்கு வெகு கீழே ஒடிந்திருந்ததால் அப்படியே ஆழமாக நட முடிந்தது. மற்ற இரண்டை அப்படி நட்டால் கடைசி வரிகள் மண்ணுக்குள் போய்விடும். துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகள் செருகி ஒட்டினார்கள். மெல்லிய சிலேட்டில் துளை போட்டால் கல்லே பிளந்துவிடும், இந்தக் கல்லின் தடிமன்தான் கைகொடுத்தது.

அப்புறம் நடந்தது

2023 அக்டோபரில் பாபெட் புயல் மழை கொட்டியது. மண் சேறாகி, நடும் வேலை 2024 வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. மூன்று கால் தாங்கியும் சங்கிலியால் எடை தூக்கும் செயின் பிளாக்கும் வைத்து ஒவ்வொரு கல்லாக இறக்கினார்கள். கீழே கிடந்த மொத்தம் 15-இல் 14 மீண்டும் நிற்கின்றன.

தேவதைக் கல் மட்டும் திரும்பவில்லை. சிறகின் ஏடு இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று வல்லுநர் சொன்னார். அது தேவாலயத்தின் உள்ளே வடக்குச் சுவரோரம் வைக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு சிலேட் பலகை தரைமட்டமாகப் பதிக்கப்பட்டது. முடிவின் காரணம் எனக்குப் புரிகிறது, ஆனால் முழு உடன்பாடு இல்லை. கல்லறைக் கல்லின் பொருளே அது யார் தலைமாட்டில் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஏட்டை ஒட்டி, மேல்விளிம்புக்கு ஈயத் தகட்டு மூடி கொடுத்து, ஐந்து ஆண்டு வெளியிலேயே பார்த்திருக்கலாம் என்று நானும் வேறு சிலரும் சொன்னோம். ஆலோசனைக் குழு அந்த ஆபத்தை ஏற்கவில்லை.

நட்டவற்றில் ஒன்று முதல் குளிர்காலத்திலேயே மீண்டும் சற்றுச் சாய்ந்தது. பக்கத்து யூ மரத்தின் வேரை வெட்டாமல் நட்டதால் குழியில் ஒரு பக்கம் இறுகவில்லை. வேரை வெட்டக் கூடாது என்பதும் முடிவுதான். சாய்வை அளந்து வைத்திருக்கிறார்கள், 2025 இலையுதிர்காலம் வரை அது மேலும் கூடவில்லை.

செலவு, சோதனைக்கும் கிடத்தலுக்கும் கொடுத்த தொகையைப் போலப் பல மடங்கு. ஒரு பகுதி நன்கொடையாக வந்தது, பெரும்பகுதியைக் கவுன்சிலும் தேவாலயமும் பகிர்ந்துகொண்டன.

மாற்றப்பட்டவை, மாற்றவேண்டியவை

இப்போது கவுன்சிலும் தேவாலயமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை கற்களைப் பார்வையிடுகின்றன. கண்ணால் பார்த்து, கையால் மெல்ல அழுத்திப் பார்ப்பதோடு சரி, விசைமானி இல்லை. பாதையிலிருந்து கல்லின் உயரத்துக்கும் குறைவான தூரத்தில் இருப்பவை தனிப் பட்டியலில் உள்ளன. சந்தேகத்துக்குரிய கல்லைச் சுற்றித் தற்காலிக வேலி போடுவதுதான் முதல் நடவடிக்கை. புல் வெட்டுபவருக்கான ஒப்பந்தத்தில், கல்லிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இயந்திரமோ சுழலும் நைலான் கயிறோ வரக் கூடாது என்று எழுதியாகிவிட்டது. அந்த ஓரப் புல்லைக் கத்தரியால் வெட்டும் வேலையை ஊர்க்காரர்கள் முறைவைத்துச் செய்கிறார்கள்.

இதே நிலைமை வேறொரு ஊரில் வந்தால் முதலில் மாறவேண்டியது காப்பீட்டு நிறுவனத்துக்கான பதில். 2009 வழிகாட்டியை இணைத்து, பாதையை ஒரு வாரம் மூடுகிறோம், வல்லுநர் பார்த்த பிறகு அறிக்கை தருகிறோம் என்று எழுதியிருந்தால் போதும். ஒப்பந்ததாரர் வருவதற்கு முன் செல்பேசியில் வரிசையாகப் படம் எடுத்திருந்தாலே எங்கள் பதிவு வேலையில் பாதி குறைந்திருக்கும். எந்தக் கல் எந்தக் குழியில் நின்றது என்று தேடியதில்தான் அதிக நேரம் போனது, இரண்டு கற்களின் இடத்தை அளவை வைத்து ஊகித்துத்தான் முடிவு செய்தோம்.

வளாகத்தில் சிமெண்ட் பட்டையோடு இன்னும் நிற்கும் கற்கள் உண்டு. அவற்றின் பட்டையை உடனே உடைத்து எடுக்க வேண்டாம் என்று வல்லுநர் சொல்லியிருக்கிறார், உளி அதிர்விலேயே கல் ஒடியலாம். பட்டையின் மேல்விளிம்பில் விரிசல் தெரிகிறதா என்று ஒவ்வொரு வறண்ட கோடைக்குப் பிறகும் பார்க்க வேண்டும், தெரிந்தால் அந்தக் கல்லுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கற்களின் எண்கள் ஆண்டுப் பார்வைப் பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ளன.